கைமணமும் கூலியும்

வடதாய்லாந்தின் சியாங் மாய் நகரத்துக்கு ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தபோது கடைசியில் ஒரு நாள் மிச்சமிருந்தது. உடன் வந்த தோழி புத்த விகாரைகளைப் பார்க்கக் கிளம்பினாள். நான் சமையல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ஆக்கா பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் நடத்தும் வகுப்பு அது. தாய் உணவும் ஆக்கா உணவும் கற்றுத் தருவதாகச் சொன்னார்கள். போனதும் முதலில் கட்டணம் வாங்கினார், ரசீது கொடுத்தார், பிறகுதான் மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார்.

எலுமிச்சைப்புல், சின்னச் சின்னப் பச்சைமிளகாய், கட்டுக்கட்டாய்க் கொத்தமல்லி. அவர் ஒரு கிழங்கை உடைத்து முகரச் சொன்னார். பேரரத்தை! இருமலுக்கு அம்மா நாட்டுமருந்துக் கடையில் வாங்கிவரும் பேரரத்தை அங்கே குழம்புக்குப் போகிறது. திரும்பி வந்ததும் கல்லுரலில் மசாலா இடித்தோம். ஆக்கா உணவு என்று அவர் செய்து காட்டியவற்றில் ஒன்று, தக்காளியையும் மிளகாயையும் சுட்டு இடிக்கும் துவையல். ராஜகுளத்தில் கூழுக்குத் தொட்டுக்கொள்ள நாங்கள் அரைப்பதற்கு அது தங்கச்சி முறை.

ஆக்கா மக்கள் சீனத்தின் யுன்னான் மலைகளிலிருந்து பர்மா, லாவோஸ் வழியாகப் படிப்படியாகத் தெற்கே வந்தவர்கள். தாய்லாந்தின் மலைப்பழங்குடிகளில் குடியுரிமை இல்லாதவர்கள் இன்றும் பலர். ஆக்கா ஆண்கள் தம் முன்னோர் பெயர்களை ஐம்பது, அறுபது தலைமுறைக்கு மனப்பாடமாகச் சொல்வார்கள் என்று மானுடவியலாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தகப்பன் பெயரின் கடைசி அசை மகன் பெயரின் முதல் அசையாகும். அந்தச் சங்கிலி தகப்பன் வழியாகவே ஓடுகிறது. ஆனால் அந்த ஆசிரியை வகுப்பில் ஒவ்வொரு பதார்த்தத்தையும் ஆரம்பிக்கும்போது இது என் அம்மாவுடையது, இது என் பாட்டியுடையது என்று சொன்னார். அம்மா கையால் அள்ளிப் போட்டதைக் கரண்டிக் கணக்காக்க ரொம்ப நாள் பிடித்ததாம். அந்த உழைப்புக்கும் சேர்த்துத்தான் கட்டணம் என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு வவுச்சர் ஞாபகம் வந்துவிட்டது.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த கல்லூரியில் மரபு உணவுத் திருவிழா நடத்தினோம். பொறுப்பாசிரியர் நான். மாணவிகளுக்குச் சமைத்துக் காட்ட என் அம்மாவை அழைத்தேன். கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரைப் பிரட்டல், கருவாட்டுக் குழம்பு என்று எழுதிக் கொடுத்த பட்டியலில் கருவாட்டுக் குழம்பு அடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. வளாகத்தில் சைவம் மட்டும் என்றார்கள். அம்மா காலை எட்டு மணிக்கு வந்து, நூறு பேருக்குக் களி கிண்டி, அளவு கேட்ட பிள்ளைகளிடம் "அளவு இன்னா அளவு கண்ணு? கண்ணு பாக்கும், கை போடும்" என்று சொல்லிக்கொண்டே மாலை வரை நின்றாள். தமிழர் உணவு மரபு பற்றி நாற்பது நிமிடம் பேசிய பேராசிரியருக்கு கருத்தாளர் மதிப்பூதியமும் பயணப்படியும் கொடுத்தோம். அம்மாவுக்குப் பொன்னாடையும் எவர்சில்வர் தட்டும். வவுச்சரில் அவள் பெயர் இல்லை. அந்த வவுச்சரைத் தயாரித்தவள் நான்.

பெண்ணியம் பேசும், பெண்கவிதை பாடம் நடத்தும் எனக்கு அன்று அது உறைக்கவே இல்லை. ஏன் உறைக்கவில்லை என்று தேடத் தொடங்கியபோது, அதற்கு நீண்ட வரலாறு இருப்பது தெரிந்தது.

நம் மொழியில் நல்ல சமையலுக்கு உயர்ந்த பெயர் நளபாகம். அடுத்தது பீமபாகம். இரண்டும் அரச குலத்தவர், இரண்டும் ஆண்கள். சிறுபாணாற்றுப்படையிலேயே பீமனின் மடைநூல் பற்றிய குறிப்பு வந்துவிடுகிறது. அன்றாடம் அடுப்பூதிய பெண்ணின் பெயரால் ஒரு பாகம் இல்லை. அவளுக்குக் கொடுத்திருப்பது 'கைமணம்' என்ற சொல். மணம் கையில் இருக்கிறது என்றால் அது பிறவியில் வந்தது, படித்து வந்ததில்லை. படித்து வராததற்கு யார் சம்பளம் கேட்பது?

குறுந்தொகை 167ஆம் பாட்டை முதுகலை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். கூடலூர் கிழார் பாடியது. புதிதாய்க் குடித்தனம் போன பெண் கட்டித்தயிரைப் பிசைந்த கையைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் இனிது என்று சாப்பிடுகிறான். அவள் முகம் லேசாக மலர்கிறது. செவிலி போய்ப் பார்த்துவிட்டு வந்து பெற்ற தாயிடம் சொல்வதாகப் பாட்டு. அழகான பாட்டுதான், மறுக்கவில்லை. மாணவி ஒருத்தி கேட்டாள்: "அந்தக் குழம்பை அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க மேடம்?" பாட்டில் அதற்கு விடை இல்லை. செல்வ வீட்டில் வளர்ந்த பெண்ணுக்கு அதைக் கற்றுக் கொடுத்தவள் அந்தச் செவிலியாகவேகூட இருக்கலாம். சமையலின் மதிப்பை அளக்கும் நாக்கு மட்டும் பாட்டில் அவனுடையது.

இன்னொரு பாட்டு, புறநானூறு 246. பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் மனைவி பெருங்கோப்பெண்டு பாடியது. தீப்பாய வேண்டாம் என்று தடுத்த சான்றோர்களிடம், உயிரோடிருந்தால் கிடைக்கப்போகும் கைம்பெண் சாப்பாட்டை அவள் விவரிக்கிறாள்: நெய் தொடாத சோற்றுப் பிண்டம், எள் துவையல், புளி சேர்த்து வெந்த வேளைக்கீரை, படுக்கப் பாயில்லாத பருக்கைக்கல் தரை. அதைவிடத் தீ மேல் என்கிறாள். ஒரு பெண் எதைச் சாப்பிடலாம் என்பதைச் சமூகம் எழுதிவைத்திருந்ததற்கு, அரசியே தந்த வாக்குமூலம் அது.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரம் இட்லி என்றால் ஊருக்கே பெருமை. மிளகு, சீரகம், சுக்கு போட்ட மாவை மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் வேகவைப்பார்கள். வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் பிறந்த பண்டம். அந்த மடைப்பள்ளியில் அடுப்பேற்றுவது பரம்பரையாகக் குறிப்பிட்ட குலத்து ஆண்கள். வீட்டில் மூன்று வேளையும் சமைக்கக் கடமைப்பட்டவள் சாமிக்குச் சமைக்கத் தகுதியற்றவள். சமையல் பெண்ணின் இயல்பு என்று சொல்லும் அதே வாய், புனிதமும் ஊதியமும் சேரும் இடத்தில் அதை ஆணின் உரிமை என்கிறது.

உத்திரமேரூர் கல்வெட்டைப் பள்ளிப் பாடத்தில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டவை. குடவோலையில் பெயர் இடத் தகுதி: வரிசெலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேத அறிவு. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எல்லாம் உண்டு. ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். அந்தத் தொட்டிலில் பெண்ணுக்கும், பிராமணரல்லாத உழைக்கும் ஆணுக்கும் இடமில்லை.

ஆனால் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலுக்குப் போனால் வேறொரு கல் பேசுகிறது. 11ஆம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழன் காலம். வெங்கடேசப் பெருமாள் கோயிலோடு சேர்ந்து வேதப் பள்ளியும் மாணவர் விடுதியும் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையும் நடந்திருக்கின்றன. மருத்துவருக்கு இவ்வளவு, அறுவை செய்பவருக்கு இவ்வளவு, மூலிகை பறித்து விறகிட்டு மருந்து காய்ச்சுபவர்களுக்கு இவ்வளவு என்று நெல்லில் கணக்கு. அந்த வரிசையில் நோயாளிகளைப் பராமரித்து மருந்து கொடுக்கும் பெண்கள் இருவரும் வருகிறார்கள். பெயர் இல்லை, ஆனால் ஊதியம் இருக்கிறது. முதல்முறை அதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. வீட்டுக்குள் செய்தால் கடமை எனப்படும் வேலையை, வெளியே செய்தபோது வேலை என்று கல்லில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஆயிரம் ஆண்டுக்கு முன்பே.

அச்சு வந்தபோது சமையலும் நூலாயிற்று. தொடக்க காலத் தமிழ்ச் சமையல் நூல்களில் புகழ்பெற்ற 'இந்து பாக சாஸ்திர'த்தை எழுதியவர் இராமச்சந்திர ராயர் என்ற ஆண். பெண்ணின் பெயர் அட்டையில் நிலைத்தது 'சமைத்துப் பார்' வந்தபோதுதான். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்டார். இளவயதிலேயே கணவரை இழந்தவர். ஊரிலிருந்து விலகிப்போகும் உறவுப் பெண்களுக்குக் கடிதத்தில் குறிப்பு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவரை, இதைப் புத்தகமாக்கு என்று தூண்டியவர் அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசுவாமி ஐயர். புத்தகம் பல பதிப்பு கண்டது, ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளுக்குப் போனது. மணமான பெண்களின் சீதனப் பெட்டியில் சேலையோடு அதுவும் போயிற்று.

அதன் முக்கியத்துவத்தைப் பெருங்கோப்பெண்டின் பாட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். கைம்பெண்ணின் நாக்குக்குக் கட்டுப்பாடு விதித்த சமூகத்தில், ஒரு கைம்பெண் கல்யாண விருந்துக்கு அளவு சொன்னார். "கண் பார்க்கும், கை போடும்" என்று இருந்ததை ஆழாக்கும் கரண்டியுமாக எழுதினார். எழுதியதும் அது பெயருள்ள அறிவாயிற்று. அதில் வருமானமும் அவருக்கென்று ஒரு நிற்குமிடமும் வந்தன.

ஆனால் அந்தப் புத்தகத்தில் என் அம்மாவின் அடுப்பு இல்லை. அது ஒரு சாதியின் சைவச் சமையலறை. அதைத் 'தமிழ்ச் சமையல்' என்று பொதுவாக்கியது மீனாட்சி அம்மாளின் தவறல்ல, எழுத்தும் அச்சும் யார் கையில் இருந்தன என்பதன் விளைவு. வயல் நண்டும் நத்தையும் கருவாடும் எந்த அளவும் எழுதப்படாமல் காலனித் தெருக்களில் தாயிடமிருந்து மகளுக்குப் போயின. மராத்தியில் ஷாஹூ பட்டோலே 2015இல் தலித் உணவை நூலாக எழுதினார். அதைப் பார்த்தபோதுதான் நம்மிடம் எவ்வளவு எழுதப்படாமல் கிடக்கிறது என்று புரிந்தது. மனையியலும் 20ஆம் நூற்றாண்டில் கல்லூரிப் பாடமானது. கோவை அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி 1957இல் தொடங்கியது. அங்கிருந்த ராஜம்மாள் தேவதாஸ் போன்றவர்கள் சத்துணவை ஒரு அறிவியலாக நிறுவினார்கள். பட்டம் பெற்ற பெண்களுக்கு அது கதவு திறந்தது. பள்ளியைத் தாண்டாத பெண்கள் வேறொரு கதவு வழியாக வந்தார்கள்.

காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்தை எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1இல் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது, அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. சமையலுக்காக அரசு தரும் பணத்தில் கையெழுத்துப் போட்ட முதல் தலைமுறைக் கிராமத்துப் பெண்கள் இவர்கள். என் அம்மா பக்கத்து ஊர்ப் பள்ளியில் உதவியாளரானாள். நான் கைக்குழந்தை. என்னை ஓரமாக ஏணையில் போட்டுவிட்டு அரிசி கழுவுவாளாம்.

அரிசி கழுவலாம், காய் நறுக்கலாம், அண்டா தேய்க்கலாம். கரண்டியைத் தொடக் கூடாது. அரசாணையில் அப்படி எதுவும் இல்லை, ஊரில் இருந்தது. ஊர்த்தெரு அம்மா ஒருவர்தான் சமையலர். அவர் ஊருக்குப் போன ஒரு நாள் அம்மா குழம்பு வைத்தபோது பாதிப் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிட்டார்கள். அன்று மிஞ்சிய குழம்பைப் பற்றி அம்மா இன்றும் சொல்வாள்: "உப்பு சரியாத்தான் இருந்துச்சு." இது பழங்கதையும் இல்லை. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் அருந்ததியர் பெண் ஒருவரைச் சமையலராக ஏற்க மறுத்துப் பள்ளியையே பூட்டினார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். அங்கும் கரூரிலும் தூத்துக்குடியிலும் யார் சமைப்பது என்ற சண்டை எழுந்தது. அதிகாரிகளும் அரசியல் தலைவர்களும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. கைமணத்தைப் போற்றும் சமூகம் எந்தக் கை என்பதையும் பார்க்கிறது.

சத்துணவு ஊழியர்கள் காலமுறை ஊதியம் கேட்டுப் பல பத்தாண்டுகளாகப் போராடுகிறார்கள். மறியல் செய்தார்கள், கைதானார்கள். முழுநேர அரசு ஊழியருக்கான ஊதியமும் ஓய்வூதியமும் இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு மாதம் கிடைப்பது சிறப்பு ஓய்வூதியம் மட்டும். சமைப்பது திறமை கோரும் முழுநேரத் தொழில் என்று அரசு ஒப்புக்கொள்ளாததும், நான் வவுச்சர் போடாததும் ஒரே பழக்கத்தின் இரண்டு முகங்கள். நான் அரசைக் கேள்வி கேட்கும் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தேன் என்பதுதான் வேடிக்கை.

சியாங் மாய் ஆசிரியையை ஒரு விடுதலைச் சின்னமாக்க நான் விரும்பவில்லை. சுற்றுலாப் பயணிகளின் ஆசைக்கு ஏற்பத் தன் மலையின் சமையலைச் சுருக்கி விற்கவேண்டிய நிலையும் அவருக்கு இருக்கிறது. பயணிகளுக்குக் காரம் தாங்காது என்று மிளகாயைப் பாதியாகக் குறைத்தார். ஆனாலும் தன் அம்மாவின் அறிவுக்கு ஒரு விலை உண்டு என்று வாசலிலேயே எழுதி வைத்திருந்தார். அந்தப் பலகையை நம் பெண்கள் தங்கள் வாசலில் எழுதக் கூசுகிறார்கள். கூசவைத்ததில் நமக்கும் பங்கு உண்டு.

ஊர் திரும்பியதும் அடுத்த உணவுத் திருவிழாவுக்கான முன்மொழிவில் அம்மாவைக் கருத்தாளராகச் சேர்த்தேன். கருவாட்டுக் குழம்பையும் சேர்த்தேன். இரண்டுக்கும் இன்னும் பதில் வரவில்லை. கருத்தாளர் படிவத்தில் கல்வித்தகுதி, அனுபவம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன. என்ன எழுதட்டும் என்று அம்மாவைக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமல் சொன்னாள்:

"படிப்புல அஞ்சாவதுன்னு போடு. அடுத்ததுல முப்பத்தாறு வருசம்னு போடு. வூட்டுல ஆக்கினத அதுல சேக்கல, அத தனியா கேளு."