ரெண்டு சூரியோதயம் பார்த்த விமானம்

ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்வளவு தூரம், பறந்து போக எத்தனை மணி நேரம்னு கேட்டா இப்பல்லாம் கூகுள் ஒரு நொடியில சொல்லிடும். தூரத்தை வேகத்தால வகுத்தா நேரம். ஆறாங்கிளாஸ் கணக்கு! ஆனா சரித்திரத்துல இந்தக் கணக்கு பல தடவை உதைச்சிருக்கு. அதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணைச் சொல்றேன்.

ஒரு முனை ஆஸ்திரேலியாவின் பெர்த். மறுமுனை இலங்கையில் காலிக்குப் பக்கத்தில் இருக்கும் கொக்கலை ஏரி. நேராகப் பறந்தால் சுமார் 5,650 கிலோமீட்டர். நடுவில் இந்தியப் பெருங்கடல்.

இரண்டாம் உலகப்போருக்கு முன்னால் சிட்னியிலிருந்து லண்டன் போகும் விமானங்கள், சிங்கப்பூர் வழியாக ஊர் ஊராக இறங்கித்தான் போகும். கிட்டத்தட்ட பத்து நாள் பயணம். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அடுத்த மாசமே ஜாவாவும் போச்சு. விமானப் பாதை நடுவில் அறுந்தது. ஊரெல்லாம் இருந்த இடத்துலயேதான் இருந்துச்சு, ஆனா தூரம் கூடிப்போச்சு.

அறுந்த பாதையை ஒட்டவைக்க குவாண்டாஸ் நிறுவனத்துக்குக் கிடைத்தவை ஐந்து கேட்டலினா விமானங்கள். தண்ணீரில் இறங்கி, தண்ணீரிலிருந்தே கிளம்பும் ரகம். 1943 ஜூலையில் சேவை தொடங்கியது. வேகம் மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான். எங்கேயும் நிற்காமல் 27 முதல் 33 மணி நேரம் பறக்கணும். அதுக்குத் தேவையான பெட்ரோலை ரொப்பினா வேற எதுக்கும் தாங்காது. அதனால அதிகபட்சம் மூணு பயணிகள், 69 கிலோ தபால். அவ்வளவுதான்!

ஜப்பானிய விமானங்கள் ரோந்து சுற்றும் பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். ரேடியோவில் வாயைத் திறக்கக் கூடாது. வழி காட்ட நட்சத்திரங்கள்தான். விமானங்களுக்கு வைத்த பேரும் நட்சத்திரப் பேரே: ரைஜெல், வேகா, ஆல்டேர், ஸ்பைக்கா, அன்டாரிஸ். (கடைசி மூணும் யாருன்னு பார்த்தா நம்ம திருவோணம், சித்திரை, கேட்டை!)

ஒரே பயணத்தில் ரெண்டு தடவை சூரியன் உதிக்கும். அதனாலேயே பயணிகளுக்கு 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்ற பேரில் சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடலைக் கடந்தார்கள். ஒரு விமானம்கூட தொலையவில்லை. கொடுமை என்னன்னா, எதிரி தொடாத அந்த விமானங்களை, போர் முடிஞ்சதும் கடன் ஒப்பந்தத்தின்படி இவங்களே கடலில் மூழ்கடிச்சுட்டாங்க.

அதே நிறுவனம் 2018 மார்ச்சில் பெர்த்திலிருந்து லண்டனுக்கு நிற்காமல் பறக்க ஆரம்பித்தது. சுமார் 14,500 கிலோமீட்டர், 17 மணி நேரம். தூரம் ரெண்டரை மடங்கு, நேரமோ முக்கால்வாசிகூட இல்லை.

அப்போ விஞ்ஞானம் ஜெயிச்சாச்சா? அவசரப்படாதீங்க. 2022-ல் உக்ரைன் போரால் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டது. ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்த ஹெல்சிங்கி-டோக்கியோ பயணம் சுமார் 13 மணி நேரமானது. விமானம் புதுசு, பைலட் கெட்டிக்காரர், ஊரும் நகரலை.

தூரத்தைப் பூமி முடிவு பண்ணுது. நேரத்தை, நடுவுல இருக்கிறவன் முடிவு பண்றான். ஆறாங்கிளாஸ் புத்தகத்துல இதையும் ஒரு வரி சேர்த்துட்டா தேவலை.