கலவைத் திருகாணி

மோட்டார் சைக்கிளின் ஒரிஜினல் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒன்றை மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் சத்தத்துக்காகத்தான் மாட்டுகிறார்கள். ஆனால் சத்தத்தோடு வேறு சில விஷயங்களும் வந்து சேரும். ஆக்சிலரேட்டரை விட்டால் பின்னால் பட்டாசு வெடிக்கும். நடு வேகத்தில் வண்டி ஒரு கணம் தயங்கும். எஞ்சின் வழக்கத்தைவிடச் சூடாகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் முனை வெளிறியிருக்கும். மெக்கானிக் இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார்: "லீனா ஓடுது."

அதாவது காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும். இவ்வளவு சின்ன வேலையை யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்பதில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கிறது.

ஒரு கிலோ பெட்ரோல் மிச்சமில்லாமல் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். முழு சக்தியும் வேண்டுமென்றால் 13க்குப் பக்கத்தில், கொஞ்சம் ரிச்சாக ஓட்ட வேண்டும். இந்த விகிதத்தில் சைலன்சருக்கு என்ன வேலை? ஒவ்வொரு முறை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் குழாய்க்குள் ஓர் அழுத்த அலை ஓடுகிறது. முனைவரை போய்த் திரும்பி வருகிறது. அது திரும்பும் நேரத்தைப் பொறுத்து சிலிண்டருக்குள் புதுக் காற்று கூடவோ குறையவோ செய்யும். வெளியே போகும் வழியை மாற்றினால் உள்ளே வருவதும் மாறிவிடும்.

1885இல் டைம்லரும் மேபாக்கும் செய்த 'ரைட்வாகன்' என்ற இருசக்கர வண்டியில் இந்தக் கவலையெல்லாம் இல்லை. பெட்ரோலின் மேற்பரப்பைத் தடவிப் போகும் காற்று எவ்வளவு ஆவியை அள்ளுகிறதோ அதுதான் கலவை. 1893இல் மேபாக் சிறு துளை வழியாகப் பெட்ரோலைப் பீச்சும் கார்புரேட்டரை உருவாக்கினார். அதிலிருந்து கலவை என்பது ஒரு துளையின் அளவாக ஆகிவிட்டது. பின்னாளில் வந்த மோட்டார் சைக்கிள் கார்புரேட்டர்களில் ஐட்லிங்குக்குப் பைலட் ஜெட்டும் ஒரு ஸ்குரூவும், நடுப்பகுதிக்கு ஊசி, முழு த்ராட்டிலுக்கு மெயின் ஜெட் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். சைலன்சரை மாற்றினால் ஜெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கு, ஊசியை ஒரு காடி உயர்த்து, ஸ்குரூவை அரைச் சுற்று திருப்பு, ஓட்டிவிட்டு வந்து பிளக்கைப் பார். வெள்ளையென்றால் லீன், கரியென்றால் ரிச், பிஸ்கட் நிறமென்றால் சரி. ஒரு ஸ்குரூ டிரைவரும் பொறுமையும் போதும். யாருடைய அனுமதியும் தேவையில்லை.

இதை மாற்றியது லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் புகைமூட்டம். எரியாத ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்துதான் கண்ணெரிய வைக்கும் அந்த மூட்டம் உண்டாகிறது என்று 1950களின் தொடக்கத்தில் கால்டெக்கின் வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட் காட்டினார். 1970இல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1978 மாடலிலிருந்து மோட்டார் சைக்கிள்களுக்கும் வரம்பு வந்தது. தொழிற்சாலைகளுக்குக் கிடைத்த மலிவான வழி, கலவையை லீனாக வைப்பது. வாங்கியவர் கைவைக்காமலிருக்க ஸ்குரூவின் மேல் ஒரு சிறு மூடியை அடித்து இறுக்கினார்கள். வாங்கியவர்கள் டிரில் போட்டு அதைப் பிடுங்கினார்கள். ஜெட்டும் ஊசியும் சேர்த்துப் பொட்டலமாக விற்கும் கம்பெனிகளும் வந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். "சைலன்சர் மாத்தினதால லீன் ஆயிடுச்சு" என்பது பாதி உண்மைதான். வண்டி கம்பெனியிலிருந்து வரும்போதே லீனின் விளிம்பில்தான் நின்றது. சட்டம் அதை அங்கே நிறுத்தியிருந்தது. புது சைலன்சர் ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான்.

அடுத்து எலக்ட்ரானிக்ஸ் வந்தது. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் பாஷ் சென்சர் 1976இல் வோல்வோ காரில் ஏறியது. 1980இல் கவாஸாகி தன் இசட் 1000 வரிசையில் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது. ஹார்லி டேவிட்சன் 1995இல்தான் அந்தப் பக்கம் வந்தது. ஜெட் இருந்த இடத்தில் இப்போது ஓர் அட்டவணை. நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எனக்கு அது உடனே புரிகிற பொருள். ஒரு பக்கம் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, இன்னொரு பக்கம் எஞ்சின் வேகம், கட்டத்துக்குள் இன்ஜெக்டர் எத்தனை மில்லிசெகண்ட் திறக்க வேண்டும் என்ற எண். சீரான ஓட்டத்தில் சென்சர் சொல்வதைக் கேட்டு 14.7ஐ ஒட்டித் தானே திருத்திக்கொள்ளும். முழு த்ராட்டிலில் சென்சரைக் கேட்காது. அட்டவணை சொன்னதே வேதம். நீங்கள் சைலன்சரை மாற்றியது அந்த அட்டவணைக்குத் தெரியாது.

ஆகவே ஸ்குரூ டிரைவருக்குப் பதிலாக 'டியூனர்' என்ற கருவி வந்தது. அட்டவணையின் எண்களை மாற்றுவதுதான் அதன் வேலை. இதில் வேடிக்கை, பூட்டைப் போட்ட கம்பெனியே சாவியையும் விற்றது. ஹார்லி டேவிட்சன் 2008 முதல் சுமார் 3,40,000 டியூனர்களை விற்றது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குற்றம்சாட்டியது. அவை பந்தயத்துக்கு மட்டும் என்பது கம்பெனியின் வாதம். 2016 ஆகஸ்டில், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதத்துக்கு கம்பெனி சம்மதித்தது. டீலர்களிடம் மிஞ்சியிருந்த டியூனர்களைத் திரும்ப வாங்கி அழிக்கவும் ஒத்துக்கொண்டது. வீடுகளின் பழைய விறகடுப்புகளை மாற்றித்தர 30 லட்சம் டாலர் தர வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை இருந்தது. அதை 2017இல் அரசே கைவிட்டது.

முகமையின் பக்கம் நியாயம் இருக்கிறது. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் 14.7ஐ ஒட்டிய ஒரு மெல்லிய பட்டைக்குள்தான் ஒழுங்காக வேலை செய்யும். எப்போதும் 13இல் ஓடும்படி டியூன் செய்தால் வண்டி இனிமையாக ஓடும். கார்பன் மோனாக்சைடு எகிறும். பல முழு எக்ஸாஸ்ட் செட்டுகளில் கன்வெர்ட்டரே கிடையாது. ஸ்குரூ என் வண்டியில் இருக்கலாம், ஆனால் புகை பின்னால் வருகிறவரின் மூக்கில்தான் ஏறுகிறது.

ஆனால் அதற்கு முந்தைய ஆண்டு நடந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தங்கள் வண்டியின் மென்பொருளைத் திறந்து பார்க்கவும் சட்டத்துக்கு உட்பட்டு மாற்றவும் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு வேண்டுமென்று உரிமையாளர்கள் தரப்பில் கேட்டிருந்தார்கள். 2015 ஜூலையில் இதே முகமை அதை எதிர்த்துக் கடிதம் எழுதியது: திறந்துவிட்டால் மக்கள் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள். இரண்டே மாதத்தில், செப்டம்பர் 18 அன்று, அதே முகமை ஃபோக்ஸ்வேகனுக்கு நோட்டீஸ் அனுப்பியது. சோதனைக்கூடத்தில் மட்டும் ஒழுங்காக நடந்துகொண்டு சாலையில் விஷம் கக்கும்படி அந்த டீசல் கார்களின் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. மூடியைத் திறந்தவர்கள் செய்ததல்ல அது. மூடி போட்டவர்களே செய்தது. அடுத்த மாதமே அந்த விலக்கு வழங்கப்பட்டது.

எனக்கு இந்த இரண்டு கதைகளையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. மூடி காற்றைக் காப்பாற்றுகிறது, மூடியவர் நேர்மையாக இருக்கும்வரை. அவர் நேர்மையானவரா என்று பார்க்க மூடியைத் திறந்துதான் ஆக வேண்டும். மென்பொருள்காரனாக நான் கேட்பது அதிகமில்லை. அட்டவணையை யாரும் படிக்கலாம் என்றாகட்டும். மாற்றுகிறவர், மாற்றிய பிறகு வரும் புகையை அளந்து காட்டட்டும். அதே அளவைக் கம்பெனிக்கும் சாலையில் வைத்துப் போடட்டும்.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தது. புல்லட் உட்பட நம் வண்டிகளிலிருந்து கார்புரேட்டர் கிட்டத்தட்டப் போய்விட்டது. அரைச் சுற்று திருப்பிக் காது கொடுத்துக் கேட்ட தலைமுறை மெக்கானிக்குகள் இன்று லேப்டாப்பைத் திறக்கிறார்கள், அல்லது "இதுல கை வைக்க முடியாது தம்பி" என்கிறார்கள். வெளியே புது சைலன்சர் மட்டும் வழக்கம்போல விற்கிறது. மாட்டியே தீர வேண்டுமென்றால் கன்வெர்ட்டரை விட்டுவைக்கும் வகையாகப் பாருங்கள், சென்சரைப் பிடுங்காதீர்கள், கலவையைக் காதால் அல்ல, அகலப்பட்டைச் சென்சர் மாட்டி அளந்து திருத்துகிறவரிடம் போங்கள்.