கொப்பியும் கொப்பியடித்தலும்

யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாடசாலைக்குக் கொண்டுசென்ற எழுதுபுத்தகத்துக்குக் 'கொப்பி' என்று பெயர். பரீட்சையிற் பக்கத்திலிருப்பவனைப் பார்த்தெழுதுவதற்குக் 'கொப்பியடித்தல்' என்று பெயர். முன்னையதைக் கொண்டுபோகாவிட்டால் அடி விழும். பின்னையதைச் செய்தாலும் அடி விழும். இரண்டும் ஒரே ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தவை என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே நான் கவனித்தேன். அங்கும் மூத்தவர்களின் தலையங்கங்களைப் பார்த்துப் பார்த்து எழுதியே என் கை பழகியது.

பிறரைப் பார்த்துச் செய்தல் இழிவானது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் மனிதன் பிற உயிர்களிலும் மிகுதியாகப் போலச்செய்பவன் என்றும், அவனது முதற்கல்வி அதன் வழியே நிகழ்கிறது என்றும் அரிஸ்டோட்டில் தமது கவிதையியலிற் கூறியிருக்கிறார். 2005 இல் விக்டோரியா ஹோர்னர், அன்ட்ரூ வைட்டன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சுவையான சான்று தருகிறது. ஒரு பெட்டியிலிருந்து பரிசை எடுக்கும் முறையைச் சிம்பன்சிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் செய்து காட்டினார்கள். அச்செய்முறையிற் சில படிகள் தேவையற்றவை. பெட்டியின் உள்ளமைப்பு கண்ணுக்குத் தெரிந்தபோது சிம்பன்சிகள் வீண் படிகளை விட்டுவிட்டன. பிள்ளைகளோ அனைத்தையும் அப்படியே செய்தனர். பார்வைக்கு இது பேதைமை. ஆயினும் காரணம் விளங்காதவற்றையும் முழுமையாகப் பின்பற்றும் இவ்வியல்பினாலேயே மொழியும் கைத்தொழிலும் சடங்கும் தலைமுறை தாண்டி வருகின்றன.

சமூகங்கள் போலச்செய்வது எவ்வாறு என்பதற்கு நமது நாட்டிலேயே சிறந்த உதாரணம் உண்டு. ஆறுமுக நாவலர் (1822 - 1879) யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். மிஷனரிமார் எப்படிக் கற்பிக்கிறார்கள், எப்படிப் பிரசங்கிக்கிறார்கள், எப்படி அச்சிட்டுப் பரப்புகிறார்கள் என்பதை அருகிலிருந்து கண்டவர்.

கண்டதை அவர் வீணாக்கவில்லை. 1847 டிசெம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1849 இற் சென்னை சென்று அச்சியந்திரம் கொண்டுவந்தார். படிமுறையாக அமைந்த பாலபாடங்களும் சைவ வினாவிடையும் வெளிவந்தன. வினாவும் விடையுமாகச் சமயம் உணர்த்தும் முறை சைவ சாத்திரங்களில் முன்பே உண்டு. ஆனால் வகுப்பறைப் பிள்ளை மனனஞ் செய்வதற்கென மலிவாக அச்சிட்ட சிறுநூல் மிஷனரிமாரின் வழி. வடிவம் அவர்களுடையது, பொருள் சைவம். எந்த ஆயுதம் தம்மை நோக்கி நீட்டப்பட்டதோ, அதனையே நாவலர் கையிலெடுத்தார். இன்று நாம் எழுதும் தெளிவான உரைநடையும் அப்போராட்டத்தின் பேறுகளுள் ஒன்று.

தெற்கிலும் இதுவே நிகழ்ந்தது. 1880 இல் இலங்கை வந்த கேணல் ஒல்கொட் அடுத்த ஆண்டே பௌத்த வினாவிடை நூலை வெளியிட்டார். கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தைப் பார்த்து 1898 இற் கொழும்பில் பௌத்த வாலிபர் சங்கம் தோன்றியது. மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர இம்மறுமலர்ச்சியைப் 'புரட்டஸ்தாந்து பௌத்தம்' என்றார். புரட்டஸ்தாந்து சமயத்தை எதிர்த்தமையையும் அதன் சாயலை ஏற்றமையையும் அப்பெயர் ஒருங்கே சுட்டுகிறது.

இவ்விடத்தில் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை. எதைப் பார்த்து எழுதினோம் என்று பெருமையோடு பேசுகிறோம். எதை எழுதாமல் விட்டோம்? மிஷன் பாடசாலைகள் வெவ்வேறு சாதிப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் இருத்த முயன்றன. அம்முயற்சியிற் குறைகளும் தயக்கங்களும் இருந்தன என்பது உண்மையே. ஆனால் நாவலர் அதனைப் பின்பற்ற விரும்பவில்லை. தமது எழுத்துக்களிற் சாதியாசாரத்தை வலியுறுத்தினார். அச்சியந்திரத்தை ஏற்ற சமூகம், சமமான இருக்கையை ஏற்கவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்க 1957 இற் சட்டம் வந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட நேர்ந்தது.

நாவலரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. அவர் வகுத்த உரைநடையில் நின்றே இதனையும் எழுதுகிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்துப் பிள்ளைகள் அனைத்தையும் பார்த்துச் செய்தார்கள்; வளர்ந்த சமூகம் தெரிந்தெடுத்துச் செய்கிறது. தெரிந்தெடுப்பது எவரோ, அதன் பலனுக்கும் பழிக்கும் உரியவர் அவரே. கொப்பியடிப்பதற்கு நான் அடி வாங்கியதுண்டு. பக்கத்துக் கொப்பியில் இருந்த சரியான விடையை வேண்டுமென்றே விட்டுவிட்டதற்கு எந்த வாத்தியாரும் எவரையும் அடித்ததில்லை.