வக்கீல் என்னும் சொல்லும் ஒரு கெடா இளவரசரும்

கெடா அரச குடும்பத்தவரான துங்கு குடின், சிலாங்கூர் சுல்தான் அப்துல் சமாதின் மருமகன். 1868-இல் சுல்தான் அவரைத் தம் 'வக்கீல்' ஆக்கினார். நம் நீதிமன்றத் தமிழில் வழங்கும் அதே அரபுச் சொல்தான். பிறர் சார்பில் நிற்பவர் என்பது பொருள். அச்சார்பின் எல்லை யாது என்பதே பூசலாயிற்று. நாடாளும் உரிமையே அது என ஆங்கிலேயர் கொண்டனர்; வேற்று நாட்டு இளவரசருக்கு அவ்வுரிமை ஏது எனச் சிலாங்கூர் இளவரசர் பலர் எதிர்த்தனர்.

போர் மூண்டது. 1870-இல் ராஜா மஹாடியிடமிருந்து கிள்ளானைக் கைப்பற்றிய குடின் தரப்பினர், 1872-இல் கோலாலம்பூரை இழந்தனர். பகாங் படைத்துணையால் 1873-இல் மீட்டனர். ஆயினும் 1874-இல் தொடங்கிய பிரிட்டிஷ் ரெசிடெண்டு ஆட்சியில் அவருடைய அதிகாரம் தேய்ந்தது. 1878-இல் பதவி துறந்தார். வக்கீலாக வந்தவர், போரில் வென்றும் வக்கீலாகவே விலகினார்.