கம்பவுண்டர் கலக்கின மருந்து

வடாலாவில் வளர்ந்த எனக்கு டாக்டரை விட கம்பவுண்டர் மாமாவைத்தான் நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பு மிக்சரை பாட்டிலில் ஊற்றி, பல் பல்லாக வெட்டின காகிதத்தை பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு ஒரு பல். தப்பவே முடியாது.

போன மாசம் இங்கே அமெரிக்காவில் ஒரு நண்பர், "வெகோவி ஊசிக்கு இன்ஷூரன்ஸ் நின்னு போச்சு. காம்பவுண்டட் மருந்துக்கு மாறிட்டேன். நம்ம ஊர் ஜெனரிக் மாதிரிதானே?" என்றார்.

இல்லைங்க. ரெண்டுக்கும் சரித்திரமே வேற.

ஜெனரிக் கதையில் எங்க பேட்டைக்கும் பங்கு உண்டு. வடாலாவிலிருந்து நடக்கிற தூரத்தில், மாட்டுங்காவில் இருக்கிறது, 1933-இல் ஆரம்பமான யூ.டி.சி.டி. (இப்போ ஐ.சி.டி.). அங்கே படித்த அஞ்சி ரெட்டிதான் 1984-இல் டாக்டர் ரெட்டீஸ் கம்பெனியைத் தொடங்கினார். அவரைப் போன்றவர்களுக்கு வழி திறந்தது 1970 காப்புரிமைச் சட்டம். மருந்துக்குக் காப்புரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டும்தான் என்றது அது. வேறு வழியில் அதே மருந்தைச் செய்யலாம். 2005-இல் மருந்துக்கும் காப்புரிமை திரும்ப வந்தது. வெகோவியில் இருக்கும் செமாக்ளூடைடுக்கு இந்தியாவில் அது 2026 மார்ச்சில் முடிந்தது. ஆனால் ஜெனரிக் என்றாலும் அரசாங்க அனுமதி வாங்கித்தான் விற்கணும்.

காம்பவுண்டட் என்பது கம்பவுண்டர் மாமா வழி. மருந்துக்கடையே கலந்து தருவது. அந்தக் கலவையை எஃப்.டி.ஏ. முன்கூட்டிப் பரிசோதித்து அனுமதிப்பதில்லை. 2012-இல் மாசசூசெட்ஸில் இப்படிக் கலந்த ஸ்டீராய்டு ஊசியில் பூஞ்சை சேர்ந்து, 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த வருஷமே சட்டத்தை இறுக்கினார்கள். 2022-இல் செமாக்ளூடைடுக்குத் தட்டுப்பாடு வந்தபோதுதான் காம்பவுண்டட் வியாபாரம் பெருகியது. தட்டுப்பாடு தீர்ந்தது என்று 2025 பிப்ரவரியில் எஃப்.டி.ஏ. அறிவித்த பிறகும் அது அடியோடு நிற்கவில்லை.

இதற்கு நடுவில், 2024-இல் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை விட்டது. சிலர் தெரியாமல் 5 முதல் 20 மடங்கு மருந்தை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். வெகோவி பேனா தானே அளந்து கொடுத்துவிடும். குப்பியிலிருந்து நாமே சிரிஞ்சில் எடுக்கணும்.

நண்பரின் குப்பியை வாங்கிப் பார்த்தேன். ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம். டாக்டர் எழுதினது 0.5 மில்லிகிராம். அதாவது 0.2 மில்லி, சிரிஞ்சில் 20 யூனிட். நண்பர் 50 யூனிட் எடுக்க இருந்தார். இரண்டரை மடங்கு!

உடனே மருந்துக்கடைக்குப் போன் போட்டு உறுதி செய்துகொண்டோம். அப்புறம் ஒரு காகிதத்தை வெட்டி, "20 யூனிட்" என்று எழுதி குப்பியில் ஒட்டினேன்.

கம்பவுண்டர் மாமா செய்ததும் அதுதானே.