கம்பைலர் யார் கையில்?

1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல், சின்னச்சின்ன மாற்றங்களோடு, யூனிவாக் 2, ஆர்சிஏ 501 என்ற இரு வேறு எந்திரங்களில் ஓடியது. இதைப் பொதுமையின் வெற்றின்னு வரலாறு எழுதுகிறது. நான் அப்படி வாசிக்கவில்லை. நிரல்தான் பொது, அதை எந்திரமொழிக்குப் பெயர்க்கிற கம்பைலர் அந்தந்தக் கம்பெனியின் கையில்.

1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜிசிசி இந்த உடைமையைக் குலைத்தது. எந்திரம் பற்றிய விவரணை தனிக் கோப்புகளில். புது எந்திரம் வந்தால் பெரும்பாலும் அவற்றை எழுதினால் போதும். மூலநிரலோ எல்லாருக்கும். ஆனால் ஜிசிசியைக் கட்டவே முதலில் ஒரு கம்பைலர் வேணுமே! 1992இல் சோலாரிஸ் 2 சி கம்பைலரைத் தனிவிலைச் சரக்காக்கியபோது, காசில்லாதவர்கள் வேறு எந்திரத்தில் கட்டியதைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

மாற்றுக் கருவி செய்யக் கிளம்பும் நாம், முதல் கருவி யாருடையதுன்னு கேட்டாக வேண்டும்.