அணு உலைத் தொழிலாளரின் இதயம்: கதிர்வீச்சுக் கணக்கில் விடுபட்ட நோய்

கதிர்வீச்சுப் பணியாளரின் பாதுகாப்பு என்றாலே புற்றுநோயைப் பற்றிப் பேசிப் பழகிவிட்டோம். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் தன் 103ஆம் வெளியீட்டில் வரையறுத்த 'மொத்தத் தீங்கு' என்னும் அளவில் புற்றுநோயும் மரபுவழிப் பாதிப்பும் மட்டுமே இடம்பெறுகின்றன. 2012இல் வந்த 118ஆம் வெளியீடு இதய, மூளை இரத்தக்குழாய் நோய்களுக்கு 0.5 கிரே என்றொரு வாசல் அளவைக் குறித்தது. கண்வில்லைக்கும் அதே 0.5 கிரேதான். ஆனால் கண்வில்லையின் ஆண்டு வரம்பு 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20ஆகக் குறைக்கப்பட்டது. இதயத்தை முன்னிட்டு எந்த வரம்பும் மாறவில்லை. இந்த விடுபாடு சான்றுகளோடு பொருந்தவில்லை என்பதும், இந்தியாவில் அது இன்னும் பெரிய பிழையாக முடியக்கூடும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்த வாசலைப் பற்றி. 0.5 கிரேக்குக் கீழே இதயம் பாதிக்கப்படாது என்று அந்த எண் கூறவில்லை. ஏற்பவர்களில் சுமார் 1 விழுக்காட்டினரிடம் கூடுதல் விளைவு தென்படும் அளவு என்பதே அதன் பொருள். ஆயிரக்கணக்கானோர் பணிபுரியும் தொழிலில் 1 விழுக்காடு என்பது புறக்கணிக்கத்தக்க எண்ணிக்கை அன்று.

தொழிலாளரிடமிருந்து கிடைத்த மிக ஆழமான சான்று உரால் மலைப்பகுதியின் மாயக் ஆலையினுடையது. சோவியத் ஒன்றியம் அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தை அங்கே 1948 முதல் உற்பத்தி செய்தது. தொடக்க ஆண்டுகளின் அவசரத்தில் தொழிலாளர்கள் ஏற்ற கதிர்வீச்சு இன்றைய வரம்புகளைப் பன்மடங்கு மீறியது. 1948 முதல் 1982 வரை பணியில் சேர்ந்த 22,000க்கும் மேற்பட்டோரைத் தமாரா அசிசோவா தலைமையிலான குழு தொடர்ந்து ஆராய்ந்தது. ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த ஒசியோர்ஸ்க் மூடிய நகரம்; அவர்கள் அனைவரும் அங்கேயே ஒழுங்காக மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட்டனர். புகைப்பழக்கமும் குடிப்பழக்கமும்கூட அவரவர் மருத்துவக் குறிப்பில் பதிவாயின. இரகசியத்துக்காக அடைக்கப்பட்ட ஊர், மக்களை இவ்வளவு கொடுமையாக நடத்திய ஊர், அறிவியலுக்கு இத்தனை முழுமையான பதிவை விட்டுச்சென்றிருக்கிறது. புகை, குடி ஆகிய காரணிகளின் விளைவைக் கழித்த பின்னும் இதயத் தமனி நோய் புதிதாகத் தோன்றும் வீதம் வெளிக் காமாக் கதிர் அளவோடு உயர்ந்தது: ஒரு கிரேக்குச் சுமார் 10 விழுக்காடு. அந்நோயால் நேர்ந்த இறப்பிலோ தெளிவான உயர்வு தென்படவில்லை. இதை எதிர்ச்சான்றாகக் காட்டுவோர் உண்டு. நோய் தோன்றுவது ஒன்று, அந்நோயால் இறப்பது மற்றொன்று. இறப்புச் சான்றிதழை மட்டும் நம்பும் ஆய்வுகள் எதைத் தவறவிடக்கூடும் என்பதையே இது உணர்த்துவதாகக் கருதுகிறேன்.

மாயக்கில் இருக்கும் தனிநபர் பழக்கப் பதிவு இன்வொர்க்ஸ் என்னும் பன்னாட்டு ஆய்வில் இல்லை. இன்வொர்க்ஸில் இருக்கும் குறைந்த ஏற்பளவு மாயக்கில் இல்லை. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3,08,297 அணுத்துறைப் பணியாளர்களை உள்ளடக்கிய இந்த ஆய்வில் சராசரி ஏற்பளவு 25 மில்லிசீவர்ட் மட்டுமே. இன்றைய பணிச்சூழலுக்கு மிக அருகிலுள்ள அளவு அது. 2017இல் வெளியான முடிவின்படி, இரத்தச் சுற்றோட்ட நோய்களால் இறக்கும் வீதம் ஒரு சீவர்ட்டுக்கு 22 விழுக்காடு கூடுகிறது. தனிநபர் புகைப்பழக்கத் தரவு இதில் இல்லை என்பது உண்மையான குறை. ஆனால் அத்தரவு உள்ள மாயக்கிலும் தொடர்பு மறையவில்லை. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பிய 86,611 பேரை 1950 முதல் 2003 வரை பின்தொடர்ந்த ஆய்வும் இதயநோய் இறப்பு ஒரு கிரேக்கு 14 விழுக்காடு கூடியதைக் காட்டிற்று. அவர்கள் ஒரு நொடியில் ஏற்றதைத் தொழிலாளர் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக ஏற்கின்றனர். எனவே விளைவு தணிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. எண்கள் அந்த எதிர்பார்ப்பைத் தெளிவாக ஆதரிக்கவில்லை.

இவ்விளைவு தோன்றும் வழியைப் பொறுத்தவரை, இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்கள் சேதமடைவதும் நாட்பட்ட அழற்சியும் தமனித் தடிப்பை விரைவுபடுத்துகின்றன என்பது உயர் அளவுகளில் நிறுவப்பட்டது. குறைந்த அளவில் நிகழ்வது என்ன என்பது இன்னும் ஆய்வுக்குரியது.

இப்போது எளிய கணக்கொன்று. இன்வொர்க்ஸில் திடக்கட்டிப் புற்றுநோய்க்கான உயர்வு கிரேக்கு 47 விழுக்காடு. இதயநோய்க்கானது அதில் பாதிக்கும் குறைவு. ஆனால் அக்குழுவில் திடக்கட்டிப் புற்றுநோய் இறப்பு 17,957, சுற்றோட்ட நோய் இறப்பு 27,848. பெருக்கிப் பார்த்தால் கதிர்வீச்சால் விளையும் கூடுதல் இதய இறப்புகள் கூடுதல் புற்றுநோய் இறப்புகளில் ஏறத்தாழ 70 விழுக்காடு. நுட்பமான மதிப்பீடு அன்று இது. ஆயினும் 'மொத்தத் தீங்கு' எதை விட்டுவிட்டது என்பதன் பருமனைக் காட்டுகிறது.

இந்தியாவில் 2016ஆம் ஆண்டு இறப்புகளில் சுற்றோட்ட நோய்களின் பங்கு 28.1 விழுக்காடு, புற்றுநோயின் பங்கு 8.3. அதே பெருக்கலை இங்கே செய்தால் தட்டு மாறிவிடுகிறது: இதயத்தின் கூடுதல் சுமை புற்றுநோயினதைக் காட்டிலும் ஒன்றரை மடங்கை எட்டுகிறது. கதிர்வீச்சின் விளைவு அடிப்படை வீதத்தோடு பெருகுகிறது என்ற அனுமானம் இதில் அடங்கியிருக்கிறது. அணுமின் நிலையப் பணியாளர் பொதுமக்களைவிட உடல்நலம் மிக்கவர்கள் என்பதும் மெய்யே. ஆனால் அந்த அனுமானத்தைச் சோதிக்காமலேயே மேலைநாட்டு நோய்ப்பாங்கில் உருவான புற்றுநோய்மையக் கணக்கை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். ஐந்தாண்டுச் சராசரி 20, ஓராண்டு உச்சம் 30 மில்லிசீவர்ட் என்ற இந்திய வரம்பு பன்னாட்டு உச்சமான 50ஐவிடக் கண்டிப்பானது; அது பாராட்டுக்குரியது. காமாக் கதிருக்கு ஒரு சீவர்ட் ஏறத்தாழ ஒரு கிரே என்பதால், அந்த வரம்புக்குள்ளேயே முப்பதாண்டு பணிபுரிபவர் 0.5 கிரேயைத் தாண்ட முடியும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த அனுமானத்தைச் சோதிப்பதற்கான கருவி கையிலேயே இருக்கிறது. கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும் மருத்துவமனைகளிலும் பணியாளர் அணியும், கதிர் ஏற்பளவைக் காட்டும் டிஎல்டி பேட்ஜின் அளவீடுகள் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் சேர்கின்றன. மறுமுனையில்தான் இடைவெளி: நாட்டில் பதிவாகும் இறப்புகளில் மருத்துவர் சான்றளித்த காரணத்தோடு பதிவாகுபவை நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே இறப்பை நம்பியிராமல் மாயக் ஆய்வைப் போல் நோய் தோன்றுவதையே பதிவு செய்ய வேண்டும்: ஆண்டுதோறும் இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை, புகைப்பழக்கம், இசிஜி ஆகியவை ஏற்பளவோடு ஒரே எண்ணின்கீழ் சேமிக்கப்பட வேண்டும். ஓய்வுக்குப் பின்னும் அது தொடர வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளி ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது அவருடைய எண்ணும் கூடவே செல்ல வேண்டும்.